மச்சம் இல்லாத கன்னம்

பலேர்மோ,
15.09.1994

என் உயிரினும் இனிய செலஸ்ரீனாவுக்கு,

ஆண்டவர் அருளால் யான் இவ்விடம் நலம். அவ்விடம் நீயும் நம் அருமை மகள் சுஜானியும் நலமே வாழ அல்லும் பகலும் இறைஞ்சுகின்றேன்.

நிற்க. இம்மடலில் மகிழ்வான செய்திகள் இரண்டு உண்டு. குடும்பத்தை இங்கே அழைப்பதற்காக மூன்று ஆண்டுகளாக அலைந்த அலைச்சல் முடிந்தது. குவெஸ்தூரா என்னும் பொலிஸ் தலைமையகத்தில் அனுமதி தந்துவிட்டார்கள். இத்துடன் வரும் பத்திரத்தில் நீ ஒப்பமிட்டு, வருகின்ற ஆனி (யூன்) மாதம் முப்பதாம் திகதிக்கு முன்னர் கொழும்பிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் சேர்ப்பித்தால் போதும். நீயும் மகளும் என்னிடம் வந்துவிடலாம். திகதி தவறினால் எல்லாம் முதலிலிருந்து என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

இரண்டாவது, மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கோடையுடன் முடிவுற்றது. இப்போது பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் இல்லத்தில் பணி. மனைவி மக்கள் இல்லாதவர். அனைவரும் அவரை ப்ரொபெஸ்ஸோரே என்றே அழைப்பர். கண்பார்வை மங்கிவிட்டது. சமைப்பதும் துடைப்பதும் அவரைக் கைபிடித்து நடத்துவதும் என் கடமைகள்.

இலக்கண ஆசிரியையான உனக்கு இது இனிக்கும். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலியிலும் பிரான்சிலும் இலக்கணம், சொல்வன்மை, கவி பாடும் கலை, கடிதம் வரையும் கலை ஆகியவற்றைக் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றி இவர் நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றார். ஆராய்ச்சி முழுவதும் பாதணிப் பெட்டிகளுக்குள் துண்டுக் காகிதங்களாக உள்ளது. சிறுவயதில் பூசைக்கு உதவியபோது யான் உச்சரித்த லத்தீன் இன்று கைகொடுக்கின்றது. பொருள் அறியாமலே யான் உரக்க வாசிக்க, அவர் கண்மூடிக் கேட்டுத் தலையசைக்கின்றார்.

என் கண் மூடினாலோ நீயே தோன்றுகின்றாய். கார்முகில் கூந்தலும், பிறை நெற்றியும், வில்லெனப் புருவமும், கயலெனக் கண்ணும், இடக் கன்னத்தில் ஆண்டவர் வைத்த முற்றுப்புள்ளி போல் அந்த மச்சமும், சங்குக் கழுத்தும், கொடி இடையும், தாமரைப் பாதமும் என்னை வாட்டுகின்றன.

உன் பதில் காணும்வரை ஊணும் உறக்கமும் மறந்த,
பீலிக்ஸ்


பேசாலை,
23.10.1994

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் முப்பத்தேழு நாள் பயணம் செய்து, இரண்டு இடத்தில் உடைத்து ஒட்டப்பட்டு, நேற்று வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம். சுஜானிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றால் கையால் வாயை மூடிக்கொண்டு ஓடுகிறாள். பப்பாவிடம் பல்லோடுதான் போவாளாம்.

அனுமதி கிடைத்ததில் எனக்குச் சந்தோசம். அதைக் கடைசியில் எழுதுகிறேன், பொறுங்கள்.

நீங்கள் போன நாளிலிருந்து அனுப்பிய கடிதங்களில் நான் இரண்டு தரம் வாசித்தது இதைத்தான். அந்த ஆசிரியர்களைப் பற்றி நாலு வரி எழுதி நிறுத்திவிட்டீர்களே! கேட்காமல் எனக்கு நித்திரை வராது. அவர்கள் பிள்ளைகளுக்கு அடித்தார்களா? கடிதத்துக்குமா இலக்கணம் வைத்தார்கள்? கவிதையை எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்று விதி இருந்ததா? எங்களுக்கு மங்கலச் சொல்லில் தொடங்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஆசிரியர்களில் பெண்கள் இருந்தார்களா? இது எனக்காக, கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று. ஓர் ஆளை வர்ணிப்பதற்கு அவர்களிடம் ஒழுங்கு உண்டா? எங்களிடம் உண்டு. மனிதரைப் பாடினால் தலைமுடியில் தொடங்கிப் பாதத்தில் முடிக்க வேண்டும், அது கேசாதிபாதம். தெய்வத்தைப் பாடினால் பாதத்தில் தொடங்கித் தலைமுடிக்குப் போக வேண்டும், அது பாதாதிகேசம். மாற்றி எழுதினால் பத்தாம் வகுப்பில் நான் புள்ளி வெட்டுவேன்.

நீங்களும் என்னைக் கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை ஒழுங்காகத்தான் வர்ணித்திருக்கிறீர்கள். தோணியில் திரிந்த மனிதருக்கு இது எங்கிருந்து வந்தது என்று வியந்துகொண்டே வந்தேன். கன்னத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

எனக்கு எங்கே மச்சம்? கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஒருவேளை இடம் வலம் மாறியிருக்கும் என்று வலக் கன்னத்தையும் பார்த்தேன். சுஜானியைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னேன். வெளிச்சத்தில் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு இடமும் இல்லை அம்மா. பப்பா வந்தால் அவரையே தேடச் சொல்லுங்கோ" என்றாள்.

நேரில் நீங்கள் என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவீர்கள். கடிதத்தில் 'நீ' ஆனது எப்படி என்று முன்பே யோசித்தேன், கடிதத் தமிழ் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மச்சத்தை அப்படி விட முடியாது. ஐந்து வருடம் ஒரு மனிதர் தனியே இருக்கிறார், மனைவியின் கன்னத்தில் இல்லாத மச்சத்தைக் காண்கிறார். அங்கே யாருடைய கன்னத்தில் அது இருக்கிறது?

பத்திரம் வேதாகமத்துக்குள் இருக்கிறது. இன்னும் ஒப்பம் வைக்கவில்லை. பதில் வரட்டும்.

கேள்விகளுடன்,
செலஸ்ரீனா


பலேர்மோ,
01.12.1994

என் இதய ராணி செலஸ்ரீனாவுக்கு,

நலம். நலமறிய அவா. உன் வினாக்களை யான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொன்னபோது ப்ரொபெஸ்ஸோரே கதிரையை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். இலங்கைத் தீவில் ஒரு தீவுக்குள் ஓர் ஆசிரியை தம் ஆராய்ச்சியை விசாரிக்கின்றார் என்பதில் அவருக்கு அடங்காப் பெருமிதம். அவர் விடைகள் வருமாறு.

அடித்தார்கள். இலக்கணத்தையே அவர்கள் ஒரு பெண்ணாகத்தான் சித்திரித்தார்கள். அவள் கையில் சவுக்கு உண்டு. சில படங்களில் கத்தியும் உண்டு, பிள்ளைகளின் நாவிலுள்ள பிழையைச் சுரண்டி எடுப்பதற்கு. பிரான்சில் ஒரு கோவில் சுவரில் அவள் காலடியில் இரு சிறுவர்கள் இருக்கின்றார்களாம். ஒருவன் வாசிக்க, மற்றவன் அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கின்றான். ஆனால் பள்ளிகளில் கற்பித்தவர்கள் ஆண்களே. "படத்தில் பெண், கதிரையில் ஆண். வெட்கம்தான், உன் மனைவியிடம் சொல்" என்றார்.

கவிதையைத் தொடக்கத்திலும் தொடங்கலாம், நடுவிலும் தொடங்கலாம், முடிவிலும் தொடங்கலாம். கெட்டிக்காரன் தொடக்கத்தில் தொடங்கமாட்டான் என்பது அவர்களின் போதனை. நீட்டுவதற்கு இத்தனை வழி, சுருக்குவதற்கு இத்தனை வழி என்று எண்ணி வைத்திருந்தார்கள். பெண்ணை வர்ணிப்பதற்கு ஒழுங்கு உண்டு. மயிரில் தொடங்கி நெற்றி, புருவம், கண், கன்னம் எனப் படிப்படியாக இறங்கிப் பாதத்தில் முடிக்க வேண்டும். நீ எழுதிய கேசாதிபாதம் என்ற சொல்லை அவர் மும்முறை சொல்லிப் பார்த்து, துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். தெய்வத்துக்குப் பாதத்திலிருந்து என்பது மட்டும் அங்கே இல்லையாம்.

கடிதத்துக்கு ஐந்து உறுப்புகள். வணக்கம், கேட்பவர் மனத்தை இளக்குதல், செய்தி, வேண்டுகோள், முடிப்பு. வணக்கத்தில் எழுதுவோர் பெயரும் பெறுவோர் பெயரும் வரும்போது உயர்ந்தவர் பெயரே முன்னே வரவேண்டும். இந்தப் பலேர்மோவிலேயே ஒரு பேரரசனின் சபையில் கடிதம் வரைவதற்கென்றே அறிஞர்கள் இருந்தார்கள். ஆசிரியர்கள் மாதிரிக் கடிதங்களைக் கோவையாகவும் எழுதி வைத்தார்கள். மகன் தந்தைக்கு, சீடன் குருவுக்கு, கணவன் மனைவிக்கு. பெயர் வரும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து. வேண்டியவர் தம் பெயரைப் போட்டு அனுப்பிக்கொள்ளலாம். எழுத்தறிவு குறைந்தோருக்கு இதனிலும் சிறந்த உதவி இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

மச்சம் பற்றிய உன் ஐயம் நகைப்பை விளைத்தது. கற்பனை கலவாத கவிதை ஏது கண்ணே? ஐயுறாதே. பத்திரத்தில் ஒப்பமிடு.

உன் நிழலாய் வாழும்,
பீலிக்ஸ்


பேசாலை,
14.01.1995

பீலிக்ஸ் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். கிறிஸ்து பிறப்புப் பூசையோடு நத்தார் நன்றாக நடந்தது. ஒரு வாரமாகச் சண்டை நிறுத்தம் என்கிறார்கள். கடலில் விளக்குகள் தெரிகின்றன. இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி இவ்வளவுதான்.

தெற்குத் தெரு றோசமலரை உங்களுக்குத் தெரியும். உங்களோடு பலேர்மோவில் இருக்கிற யாக்கோபுவின் மனைவி. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இதுவரை யாக்கோபுவின் கடிதங்களை அவளுடைய தம்பிதான் வாசித்துக் கொடுத்தான். அவன் இந்தியாவுக்குப் போய்விட்டான். நத்தாருக்கு மறுநாள், வழியில் தாமதித்து அப்போதுதான் வந்த ஒரு கடிதத்தை என்னிடம் கொண்டு வந்தாள்.

பிரித்ததும் திடுக்கிட்டேன். உங்கள் எழுத்து. அதே ஊதா மை, அதே 'நிற்க'. சரி, யாக்கோபுவுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கார்முகில் கூந்தல் என்று உரத்து வாசிக்கத் தொடங்கினேன். பிறை நெற்றி. வில் புருவம். கயல் கண். வாசிக்க வாசிக்க எனக்கு அடுத்த சொல் முன்பே தெரிந்தது. "இடக் கன்னத்தில் ஆண்டவர் வைத்த முற்றுப்புள்ளி போல் அந்த மச்சம்" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். றோசமலர் தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பத்து வருடமாக ஒவ்வொரு பூசையிலும் நான் காண்கிற மச்சம், அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ரீச்சர், எங்கடை மனுசனுக்கு இவ்வளவும் ஞாபகமே?" என்று அழுதாள்.

"ஓம் றோசா" என்றேன். கடைசிவரை குரல் மாறாமல் வாசித்து முடித்தேன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் போனபிறகு உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து விரித்துவைத்துக்கொண்டு இருந்தேன்.

நீங்களும் இல்லை, யாக்கோபுவும் இல்லை. வேறு ஓர் ஆள். எவ்வளவு மடைச்சி நான்! போன புதிதில் தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் வந்த உங்கள் முதல் கடிதம் கோணல் எழுத்தில் இருந்தது. அதைத் திருத்தி அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் எழுத்து முத்து முத்தாக, ஒரு பிழை இல்லாமல் வந்தது. நான் திருத்தியதால் திருந்திவிட்டார் என்று சக ஆசிரியைகளுக்குக்கூடக் காட்டினேன். ஐந்து வருடமாக யாரோ ஒருவரின் கடிதங்களைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்திருக்கிறேன்.

எழுதத் தெரியாததற்கு எனக்குக் கோபம் இல்லை. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர் என்று தெரிந்துதானே வீட்டாரை எதிர்த்து உங்களைக் கட்டினேன். கோபம் வேறு. அந்தக் கடிதம் முழுவதிலும் உண்மை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்த மச்சம். அதை யாக்கோபு அந்த ஆளிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் என்னைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார், கெட்டிக்காரர்.

சொல்ல ஒன்றும் இல்லாத மனிதரிடம் நான் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எதற்காகக் கடல் தாண்டி வர வேண்டும்? பத்திரம் இன்னும் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு கடிதம் உங்கள் கையால், ஒருவர் உதவியும் இல்லாமல், எழுதுங்கள். அதை வாசித்துவிட்டு வருவேன், அல்லது வரமாட்டேன். எழுதாவிட்டால் ஆனி முப்பது தானாக வந்து போகும்.

உங்கள் ப்ரொபெஸ்ஸோரேயிடம் ஒரே ஒரு கேள்வி. மாதிரிக் கடிதத்தில் பெயரை மாற்றி அனுப்பினார்களே, மனைவி கண்டுபிடித்தபோது என்ன நடந்தது?

செலஸ்ரீனா


பலேர்மோ
1995 பங்குனி 2

செலஸ்ரீனாவுக்கு பீலிக்ஸ் எழுதுறது.

பெரிய ஆளின்ரை பேர் முதல் வரவேணும் எண்டு அந்த வாத்திமார் சொன்னவை. அதாலை உம்மடை பேரை முதல் போட்டிருக்கிறன்.

இது என்ரை கை. பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. இண்டைக்கு வியாழன் பின்னேரம். வீட்டு வேலை செய்யிற எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் இஞ்சை வியாழன் பின்னேரம் லீவு. அந்த நேரம் அல்பெர்கேரியா எண்ட இடத்திலை அம்பலவாணர் அண்ணை சமைக்கிற குசினிக்குப் போவம். அவர் முந்தி யாழ்ப்பாணக் கச்சேரியிலை அரசாங்கக் கிளாக்கர். அவர்தான் எழுதித் தாறவர். பெரிய கொப்பி ஒண்டு வைச்சிருக்கிறார். பொஞ்சாதிக்கு ஒண்டு, தாய்க்கு ஒண்டு, கோயில் சுவாமிக்கு ஒண்டு எண்டு எல்லாம் எழுதிக் கிடக்கு. பேர் வாற இடத்திலை கோடு. நாங்கள் சொல்லுற செய்தியை நடுவிலை போடுவார். யாக்கோபுவுக்கெண்டு எழுதின மச்சத்தை மற்ற ஆக்களுக்கு எழுதேக்கை எடுக்க மறந்துபோனார். அது ஆறு பேருக்குப் போட்டுதாம். ஊரிலை ஆறு பொம்பிளையள் கண்ணாடி பாத்திருக்கினம்.

உம்மடை கேள்வியை ப்ரொபெஸ்ஸோரேட்டைக் கேட்டன். ஏன் கேக்கிறாய் எண்டார். எல்லாத்தையும் சொன்னன். சிரிச்சுச் சிரிச்சு அவற்றை கண்ணிலை தண்ணி வந்திட்டுது. பிறகு சொன்னார், அந்த வாத்திமார் புருசன்ரை கடிதத்துக்குப் பக்கத்திலை பொஞ்சாதியின்ரை பதிலையும் தாங்களே எழுதி வைச்சிடுவினமாம். பொஞ்சாதி பிடிச்சுப்போட்டாள் எண்டு ஒரு கடிதத்தையும் தான் காணேல்லையாம். நீர்தான் முதல் ஆளாம்.

பிறகு அம்பலவாணர் அண்ணையைக் காட்டு எண்டு நிண்டார். கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். அரை மணித்தியால நடை, மூண்டு மாடிப் படி. அந்தக் கொப்பியை மடியிலை வைச்சு விரலாலை ஒவ்வொரு தாளாத் தடவினார். "நாற்பது வருசம் செத்த ஆக்களிலை தேடினன், ஒருத்தர் பல்லாறோச் சந்தைக்குப் பக்கத்திலை உயிரோடை இருக்கிறார்" எண்டார். அம்பலவாணர் அண்ணைக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. தேத்தண்ணி போட்டார். ரெண்டு பேரும் ஒருத்தற்றை பாசை ஒருத்தருக்குத் தெரியாமல் பொழுது படுமட்டும் கதைச்சினம். நான் நடுவிலை.

சரி. இது எல்லாம் சுத்துறது. விசயத்துக்கு வாறன்.

முதல் கடிதம் நான்தான் எழுதினனான். மூண்டு நாள் எழுதினனான். நீர் அதைச் சிவப்பு மையாலை திருத்தித் திருப்பி அனுப்பினீர். பத்தொன்பது இடம். அடியிலை "முயற்சி நன்று" எண்டு போட்டிருந்தீர். நான் அதிலை சுஜானி நித்திரையிலை சிரிக்கிறவளே எண்டு கேட்டிருந்தன். அதுக்குப் பதில் வரேல்லை. அதுக்குப் பிறகுதான் அம்பலவாணர் அண்ணையிட்டைப் போனன். உம்மிலை பிழை எண்டு சொல்ல வரேல்லை. ரீச்சருக்குப் பிழையோடை எழுத வெக்கமாப் போச்சுது. அந்தக் கடிதம் இப்பவும் என்னட்டை இருக்கு.

அண்ணை என்னட்டைக் கேட்டவர், உன்ரை மனுசி எப்பிடி இருப்பா, சொல்லு, எழுதுவம் எண்டு. குசினி நிறைய ஆக்கள் நிக்கினம். நான் "நல்லா இருப்பா" எண்டன். அவ்வளவுதான் சொன்னனான். யாக்கோபு வெக்கமில்லாதவன், அவன் சொன்னான்.

இப்ப ஒருத்தரும் இல்லை, சொல்லுறன்.

நான் முதல் கண்டது உம்மடை காலைத்தான். நீர் பேசாலைக்குப் படிப்பிக்க வந்த புதுசு. செருப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளை நடந்தீர். கடற்கரையாக்கள் அப்பிடி நடக்கமாட்டினம், காலை மணலிலை தேய்ச்சுத் தேய்ச்சு வைப்பினம், திருக்கை மீன் விலகிப் போகும். நீர் மிதிச்சுப்போட்டீர், அதின்ரை முள் குத்திப்போட்டுது. இடது கால், குதிக்கு மேலை, உள்பக்கம். நான் ஓடிவந்து சட்டியிலை சுடுதண்ணி வைச்சு உம்மடை காலைப் பிடிச்சு அமத்தினன். மற்ற ஆக்கள் எண்டால் ஊரைக் கூட்டுவினம். நீர் கத்தேல்லை. "தண்ணி கொதிக்குது" எண்டு மட்டும் சொன்னீர். அந்தத் தழும்பு சூடை மீன்ரை செதிள் அளவு. வெள்ளையா இருக்கும். கண்ணை மூடினால் எனக்கு முதல் வாறது அதுதான்.

முழங்கால் ரெண்டும் கறுப்பு. பூசையிலை வாங்கிலை இருக்கமாட்டீர், முழுக்க முழந்தாளிலைதான். வலது கை நடுவிரல்லை பேனை பிடிச்ச காய்ப்பு ஒண்டு இருக்கு. உள்ளங்கை சோக்குத் தூள் மணக்கும், மீன் கழுவினாலும் போகாது. இடது தோளிலை பை கொழுவுற இடம் கொஞ்சம் பள்ளம். கோவம் வந்தால் உமக்கு முகம் சிவக்காது, கழுத்துத்தான் சிவக்கும். உந்தப் போன கடிதத்தை எழுதேக்கையும் சிவந்திருக்கும்.

இதோடை நிக்குது. முகம் எழுத ஏலாமல் கிடக்கு. மூண்டு தாள் கிழிச்சுப்போட்டன். கலியாணப் படத்தை வைச்சு எழுதலாம். அது எண்பத்தேழாம் ஆண்டு முகம். அதுக்குப் பிறகு நீர் இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, பிள்ளையைத் தனிய வளத்து, அந்த முகத்துக்கு என்னென்ன நடந்திருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் அது அம்பலவாணர் அண்ணையின்ரை கடிதமாப் போடும்.

அதாலை கழுத்தோடை விடுறன். வாரும் செலஸ்ரீனா. மிச்சத்தைப் பாத்து எழுதுறன்.

பீலிக்ஸ்

பிழையள் இருக்கும். திருத்திறதெண்டால் திருத்தும். ஆனால் இதைத் திருப்பி அனுப்பாதேயும்.


பேசாலை,
07.05.1995

என் அன்பான பீலிக்ஸுக்கு,

உங்கள் கடிதம் சித்திரை நடுப்பகுதியில் வந்தது. வாசலில் நின்றே வாசித்தேன். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சுஜானி கதவைத் தட்டி, "அம்மா, மச்சம் கிடைச்சுதே?" என்று கேட்டாள். கிடைத்தது என்று சொன்னேன்.

நீங்கள் காலில் தொடங்கிவிட்டீர்கள். பாதாதிகேசம் தெய்வத்துக்கு உரியது, மனிதரை அப்படிப் பாடக்கூடாது என்று நான்தான் உங்களுக்கு எழுதினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் கட்டாயம் புள்ளி வெட்டியிருப்பேன். பழக்கதோசத்தில் சிவப்புப் பேனையை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன். ஒரு கோடும் போடவில்லை. பிறகு அதே பேனையால் பத்திரத்தில் ஒப்பம் வைக்கப் போய், நல்ல காலம், கறுப்பு மைதான் வேண்டும் என்று நினைவு வந்தது.

அந்தப் பத்தொன்பது பிழை எனக்கு நினைவிருக்கிறது. சந்திப் பிழை எட்டு, மற்றவை எழுத்துப் பிழை. ஆனால் சுஜானி நித்திரையில் சிரிப்பாளா என்று நீங்கள் கேட்டது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அன்றைக்கு நான் உங்கள் கடிதத்தை வாசிக்கவில்லை அத்தான், திருத்தினேன். கையில் சவுக்கும் கத்தியும் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. அந்தக் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். வந்து ஒருதரம் வாசிக்க வேண்டும். சுஜானி நித்திரையில் சிரிப்பாள். இப்போதும் சிரிக்கிறாள். கேட்டு ஐந்து வருடம் கழித்து இந்தப் பதில்.

சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. ஆனாலும் இராணுவத்திடம் பயணப் பாஸ் கிடைத்து, போன மாதக் கடைசியில் கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். முத்திரை விழுந்துவிட்டது. ஆனி பதினொன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்குப் பிறகு பலேர்மோவில் இறங்குகிறோம். ஒருநாள் முந்திப் போய் நிற்கிற ஆள் நீங்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அதை எழுதும்போது ஐந்து உறுப்பும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். அதிபரின் பெயரை முன்னே போட்டேன். ப்ரொபெஸ்ஸோரேக்குச் சொல்லுங்கள், என்னிடம் இன்னும் இருபத்தேழு கேள்விகள் இருக்கின்றன, கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன். அம்பலவாணர் அண்ணைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவருடைய தமிழில் ஒரு பிழையும் காண முடியவில்லை, அதுவே எனக்குப் பெரிய ஏமாற்றம் என்றும் சொல்லுங்கள்.

என் முகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் பார்க்காமலே எழுதி முடித்துவிடுவீர்கள். கழுத்தோடு நிற்கிற கடிதத்தைக் கையில் கொண்டுவருகிறேன். தாளில் மேலே இடம் விட்டிருக்கிறீர்களா என்று பார்த்தேன், இல்லை. புதுத் தாள் எடுங்கள்.

ஒன்று மட்டும். யாக்கோபுவின் பத்திரமும் சரிவந்து, றோசமலரும் எங்களோடுதான் வருகிறாள். அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். யாக்கோபுவையும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஆகவே விமான நிலையக் கதவு திறக்கும்போது பேசாலைப் பெண்கள் இரண்டு பேர் வருவோம். ஐந்து வருடம், தடுமாறிவிடாதீர்கள். இடக் கன்னத்தில் மச்சம் இருப்பவள் றோசமலர். மச்சம் இல்லாதவள் நான்.

செலஸ்ரீனா